நடுவில் இருந்த பெடல்

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஏதோ ஒரு பணக்காரர் சொல்லிச் செய்த கார் அது. மேற்கூடு மொத்தமும் கைவேலை. முதலாளிக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குட்டி அறை. ஓட்டுநர் தலைக்கு மேலே வானம்தான். அவருக்கு உத்தரவு போட ஒரு பேச்சுக் குழாய்.

துருப்பிடித்த கூடாக அண்ணன் அதை வாங்கிவந்தபோது தெருவே சிரித்தது. அப்புறம் நான்கு வருடம் அவன் மரச்சட்டம் இழைத்தான். மெக்கானிக்கான தங்கை என்ஜினைப் பிரித்து மாட்டினாள். அண்ணி இருக்கைகளுக்குத் தோல் தைத்தாள்.

அன்று காலை தங்கை முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் என்ஜின் உறுமியது. ஓடிவந்து ஃபுட்போர்டில் ஏறினாள். ஓட்டுநர் இடத்தில் அண்ணி.

"அண்ணி, க்ளட்ச நல்லா மிதிச்சுக்கோங்க. கியர் விழுதான்னு மட்டும் பாக்கறேன்."

கியர் விழுந்தது. அதே நேரம், பின்னால் முதலாளி மாதிரி உட்கார்ந்திருந்த அண்ணன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் குழாயில் கத்தினான்: "ஓடுது! ஓடுது!"

காதருகே கேட்ட கத்தலில் அண்ணி திடுக்கிட்டாள். கால் நழுவியது. கார் துள்ளிக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தது.

அண்ணி பிரேக்கை மிதித்தாள். வேகம் இன்னும் கூடியது!

"நடுவுல இருக்கறது பிரேக் இல்ல அண்ணி, ஆக்சிலேட்டர்! பழைய வண்டியில அப்படித்தான்! வலது ஓரத்துல இருக்கறதுதான் பிரேக்!" ஃபுட்போர்டில் தொங்கியபடி தங்கை அலறினாள்.

எதிரே பழவண்டி. அண்ணி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இழுத்துத் திருப்பினாள். மயிரிழையில் தப்பித்தது. இப்போது அவள் கால் சரியான பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஆனால் மிதிக்கவில்லை.

"எது என்னன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த கியர் எப்படிப் போடறது?"

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. சொல்லிக்கொடுத்தாள்.

"நிறுத்தும்மா! உசிரே போகுது!" என்றது குழாய். கடைத்தெருவில் ஆட்கள் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஏய், இடது பக்கம் திருப்பு! நம்மளப் பைத்தியம்னு சொன்னவன் கடை அங்கதான் இருக்கு! மெதுவாப் போ, நல்லாப் பாக்கட்டும்!"

அண்ணி மெதுவாகப் போனாள். ஹார்னையும் இரண்டு முறை அமுக்கினாள். கடைக்காரர் கையிலிருந்த தராசோடு வெளியே ஓடிவந்தார்.

ஊரைச் சுற்றிவந்து பட்டறை வாசலில் கச்சிதமாக நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் இறங்கி ஓடிவந்தான்.

"தள்ளிக்கோ, இப்ப நான் ஓட்டறேன்."

"போய் உக்காருங்க. இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்து தரேன்."