வெட்டி ஒட்டிய பெயர்

என் பெயரைக் கேட்கிறவர்கள் இன்னொரு தடவை கேட்பார்கள். பிறகு அர்த்தம் கேட்பார்கள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி, அணையாத விளக்கு என்பேன். முப்பது வருஷமாக இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டவள் நான். உலகத்திலேயே இந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் என்ற மிதப்பு வேறு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதில் அழுத்துகிறதா என்று பார்த்து, எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வோம். போன செவ்வாய்க்கிழமை வந்த தையல்காரப் பெரியவர் அட்டையைப் படிக்கவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். முகம் வெளுத்துப்போனது.

"இந்தப் பேரு உனக்கு யாரும்மா வெச்சது?"

அப்பா என்றேன். அர்த்தத்தையும் சொன்னேன். அதற்கு அர்த்தமே கிடையாது என்றார். தன் அம்மா பெயரில் முன்பாதியும் மனைவி பெயரில் பின்பாதியும் எடுத்து மகளுக்காக அவரே செய்த பெயராம். துணி வெட்டுகிறவன் பெயரையும் வெட்டி ஒட்டிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்களாம். ஏழு வயதில், பள்ளிக்கூட வேன் பின்பக்கமாக வந்தபோது அவள் சக்கரத்தில் சிக்கிவிட்டாள்.

இத்தனைக்கும் அவருக்குச் சந்தோஷம். அந்தப் பெயர் எங்கேயோ யார் காதிலோ விழுந்து, பிடித்துப்போய், உயிரோடு இருக்கிறதே என்றார். சனிக்கிழமை மனைவியோடு வருவதாகவும், என் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ஒரு காலத்தில் வேன் ஓட்டியவர். நான் பிறப்பதற்கு முன்பே விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் கண் சரியில்லை என்பார். அவர் கண்ணைச் சோதித்தவள் நான். இந்த வயதிலும் ஊசியில் நூல் கோத்துவிடுவார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்ததை முழுக்க உரித்துவிட்டுத்தான் பேசினார்.

"ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி இறங்கிப் பின்னாடி பாக்கணும். தினமும் பாப்பேன். அன்னிக்கு மழைன்னு இறங்கல. நாலு மாசத்துல நீ பொறந்தே. மறந்துடக் கூடாதுன்னு அதே பேர வெச்சேன்."

சாப்பிட, படிக்க, கதவைத் திறக்க என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவையாவது என்னை மட்டும் கூப்பிட்டாரா? தனக்குத் தண்டனையாக யாராவது மகளுக்குப் பெயர் வைப்பார்களா என்று கத்தினேன். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அழுதிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

சனிக்கிழமை பெரியவரும் மனைவியும் கடைக்கு வந்தார்கள். அப்பா வீட்டில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். நேரில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாராம், அவர்கள் என்ன செய்தாலும் சரியாம். நான் ஒரு போன் போட்டால் போதும், வந்துவிடுவார். காலில் விழுந்து பாரத்தை இறக்கிவைத்துவிடுவார். இவர்களுக்கு மகள் இன்னொரு தடவை சாவாள்.

அப்பா எங்கே என்று பெரியவர் கேட்டார்.

"அப்பா இல்லீங்க. போன வருஷம் தவறிட்டார்."

பெரியவர் தலை குனிந்துகொண்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மனுஷனா இருந்திருக்கணும்மா. எங்க பாப்பாவ இத்தனை வருஷம் கூப்பிட்டிருக்காரே."

"ஆமாம்மா" என்றேன். "ஒரு நாள்கூட விட்டதில்ல."