நனைந்த பாவு

போதமலைக்கு மேல் வானம் கறுத்ததைப் பார்த்ததும் கந்தவேலுக்கு வயிறு குளிர்ந்தது. ராசிபுரம் தறிக்காரத் தெருவில், தறிக்கு ஏற்ற வேண்டிய நூல், கஞ்சி போட்டு நீட்டிய பாவாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காய்ந்துகொண்டிருந்தது. மச்சினன் சண்முகவேலின் பாவு. யுத்த காலத்தில் நூல் குதிரைக் கொம்பு. இது நனைந்தால் அவன் தறி நின்றுபோகும், குடும்பம் பட்டினிதான்.

நனையட்டும். நன்றாக நனையட்டும்.

யாருடைய பாவானாலும், மழை இறங்கினால் தெருவே ஓடிவந்து சுருட்டிக் கொடுக்கும். பகையாளி பாவுக்கும் அப்படித்தான். போன ஐப்பசி மழையில் தன் பாவுக்கு மட்டும் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை என்பது கந்தவேலின் பேச்சு. அவரிடம் நெய்துகொண்டிருந்த சண்முகவேல் அதோடு தனித்தறி போட்டுக்கொண்டான். அவன்தான் தெருவைத் தடுத்து நிறுத்தினான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

தூறல் விழுந்தது. கந்தவேல் வீட்டுக் கூடத்தில் நான்கு தறிகளின் ஓசையும் அடங்கியது.

"எவனாச்சும் வாசலத் தாண்டுனா நாளைக்கு என் தறியில உக்கார வேண்டாம்!"

மூத்த நெசவாளி சின்னண்ணன் தறிக்குழியிலிருந்து ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள்.

"பாத்தயா உன் தம்பி வேலைய? என் ஆளுகளையே கெடுத்து வெச்சிருக்கான்!" என்று மனைவி ராஜம்மாளிடம் சீறினார்.

"ஏனுங்க, அன்னைக்கு மழைக்கு முந்தி நீங்க என்ன சொன்னீங்க?" ராஜம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கஞ்சி கட்டிகட்டியா இருக்குதுன்னு தெருவே பாக்க அவன அறைஞ்சீங்க. 'என் பாவுல எவன் கை வெச்சாலும் முறிச்சுப் போடுவேன்'னீங்க. மழ வந்ததும் அத்தன பேரும் வந்தாங்க. பாவோரமா நனஞ்சுக்கிட்டு உங்க வாயத்தான் பாத்தாங்க. 'வாங்கப்பா'ன்னு ஒரு வார்த்த வரலீங்களே."

அவளும் இறங்கிப் போய்விட்டாள்.

பொய் என்று கத்த வாயெடுத்தார். மழையில் நின்ற அந்த முகங்கள் அவருக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. சண்முகவேல் கையை நீட்டியபடி நின்றதும்தான். அதை மூடி மறைக்கத்தானே ஒரு வருஷம் அவ்வளவு பேசினார்!

அவமானம் தாங்காமல் தெருவுக்கு ஓடினார். பாவின் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் காலியாக இருந்தது. அங்கே போய் நின்றவருக்குக் கை மட்டும் நீளவில்லை.

சண்முகவேல் நிமிர்ந்து பார்த்தான். ஒரு வருஷத்துக் கோபமும் அந்தப் பார்வையில் அப்படியே இருந்தது.

"தாராளமா கை வெய்யுங்க மாமா," என்றான், தெருவே கேட்க. "இது உங்க பாவு இல்லீங்க. இதுல யாரு வேணாலும் கை வெக்கலாம்."

கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டு பாவைப் பிடித்தார்.