தண்ணீர் வைக்காத வாசல்

போரில் இறந்தவர்களின் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவருவது ராணுவ நாய்களின் வேலை. வழி தெரிய வேண்டும் என்பதால் அந்தந்த ஊரில் பிறந்த நாயையே அனுப்புவார்கள். அது வந்து வாசலில் உட்காரும். வீட்டார் தண்ணீர் வைப்பார்கள். அது குடித்து முடித்ததும் அந்த வீட்டு ஆள் இறந்தவராவார். அதுவரை அவர் சாகவில்லை.

செண்பகவல்லியின் வாசலுக்கு நாய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவள் இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாயின் கழுத்துப்பட்டையில் அவள் கணவன் துரைப்பாண்டியின் படை எண் இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் குடத்தை மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

நாய் அவசரப்படவில்லை. பணியில் இருக்கும் நாய் வேறு வீட்டில் வாய் வைக்காது. எதிர்வீட்டார் ஊற்றிய பாலை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் முன்னாள் ராணுவத்தார் சங்கத் தலைவர் தங்கமாரி வந்தார். எல்லையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது.

“மதினி, அண்ணன் அங்க மார்ல மூணு குண்டோட நிக்காரு. துப்பாக்கியையும் திருப்பி வாங்கிட்டாங்களாம். ஒரு வாய்த் தண்ணி வச்சு அவர அனுப்பி விடுங்க.”

“நிக்காருல்லா?”

“நிக்காரு.”

“நிக்கட்டும்.”

நாய்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. சொன்ன வேலையைச் செய்ய வந்த ஜீவன் அது. அதன் நாக்கு வெடித்திருந்தது. இரண்டு தடவை நிலைப்படி வரை கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு தடவையும் திரும்பிப் போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

பதின்மூன்றாம் நாள் நாய் படியில் தலையை வைத்தது, எடுக்கவில்லை. துரைப்பாண்டியின் பழைய கைலியில் சுற்றி முருங்கை மரத்தடியில் புதைத்தாள்.

பணியில் நாய் இறந்தால் அதன் தாய்க்குச் செய்தி சொல்ல ஒரு சிப்பாயை அனுப்புவது முறை. மற்றவர்களுக்குப் போரில் கை ஒழியவில்லை. சும்மா நின்றவன் துரைப்பாண்டி ஒருவன்தான்.

பேருந்திலிருந்து இறங்கியவன் தன் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பருத்தி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் படுத்திருந்த கிழட்டுச் செவலை நாயின் முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினான். தாய் அந்தக் கையை நக்கினால் செய்தியை ஏற்றுக்கொண்டதாகும்; சிப்பாய் எல்லைக்குத் திரும்பிவிட வேண்டும். அது முகர்ந்து பார்த்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

செண்பகவல்லி ஓடிவந்தாள். சட்டையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“சாப்பிட்டீங்களா?”

“வேலையா இருக்கேன்,” என்றான் துரைப்பாண்டி. நீட்டிய கையை மடக்கவில்லை.

தாய் ஏற்காததால் நாயும் இறந்ததாகாது. மறுநாள் காலை அது முருங்கை மரத்தடியிலிருந்து எழுந்து, மண்ணை உதறிவிட்டு, வாசலில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. தெருவழியே போன தங்கமாரி அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

செண்பகவல்லி கதவைச் சாத்திவிட்டுக் கிட்டங்கிக்குப் போனாள். கணவன் எதிரில் செவலை நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நக்கிராத, தாயி,” என்றாள்.

செவலை நாய் கொஞ்சம் நகர்ந்து, சுவரில் அவளும் சாய்ந்துகொள்ள இடம் விட்டது.