மேஸ்திரியின் லீவு

“தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கு. இன்னும். நிலைப்படி தட்டுது பாரு” என்று நெட்டை சொல்ல, ரயில்பாதை கேம்ப்பிலிருந்து வந்த நான்கு பேரும் ஒரே மூச்சில் சவப்பெட்டியைச் சாய்த்து, வாசலில் ஒரு கீறல் விழாமல் உள்ளே கொண்டுவந்தார்கள். தண்டவாளம் தூக்கிப் பழகிய கைகள். யார் முந்துவது, யார் பிந்துவது என்று அவர்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. மகள் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தாள். பெட்டியை அதன்மேல் இறக்கிவிட்டு நான்கு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள்.

மூடியை எடுத்ததும் அவள் எட்டிப் பார்த்தாள். அப்பாவின் முகத்தை அவள் நேரில் பார்த்து நாலு வருஷம் இருக்கும். கன்னம் வெயிலில் கருத்து, முன்நெற்றி ஏறி, பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும் யாரோ ஒரு பெரியவர் மாதிரி இருந்தார். அழுகை வரும் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். வரவில்லை. அந்தக் குறையை அத்தை தீர்த்துவைத்தாள். “என்னைப் பெத்த அண்ணா” என்று பெட்டிமேல் விழுந்தாள். வாய்விட்டு அழுவதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. அழுகைக்கு நடுவிலேயே வந்தவர்களில் யார் யார் டீ குடிக்கவில்லை என்றும் பார்த்துக்கொள்வாள்.

பெட்டி இரண்டு நாள் சாலை வழியாக வந்திருந்தது. அப்பா போட்ட ரயில்பாதை நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது. ஆனால் அது சரக்குக்கு மட்டும். நிலக்கரி போகும், சிமென்ட் போகும், புதுக் கார்கள் அடுக்கடுக்காகப் போகும். மனுஷன் ஏற முடியாது. உயிரோடும் முடியாது, செத்தும் முடியாது. பதினோரு வருஷம் அந்தப் பாதையில் தண்டவாளத்தைத் தண்டவாளத்தோடு உருக்கி ஒட்டிய தலைமை வெல்டர் அவர். கேம்ப்பில் மேஸ்திரி என்பார்கள். மூன்று நாளைக்கு முன்னால் வேலை முடிந்து அறைக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி. பக்கத்தில் ஆஸ்பத்திரி என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “வந்துட்டாரா?”

“வந்துட்டாரும்மா.”

“கால் மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு.”

நான்கு பேரும் பெஞ்சோடு சேர்த்துத் திருப்பினார்கள். அம்மா படுக்கையிலிருந்தபடியே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு கையும் பாதிதான். பேச்சு மட்டும் முன்னைவிடத் தெளிவு. நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மகள் புரட்டுவாள். இரவில் கடிகாரம் அடிக்காமலேயே எழுந்து புரட்டுவாள். அப்படியே முப்பத்தாறு வயதாகிவிட்டது.

கொல்லையில் வேப்பமரத்தடியில் கேம்ப் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவள் டீ கொண்டுபோனாள். நெட்டை இரண்டாவது வெல்டர். பேருக்கு ஏற்ற உயரம். அவனோடு கிரேன் ஓட்டுகிறவனும், வயதான சமையல்காரரும், வேனை ஓட்டிவந்த டிரைவரும். திரும்பிப் போகவும் இரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தும் வந்திருந்தார்கள். அந்த நன்றி அவளுக்கு இருந்தது.

“கேம்ப்ல சிரிப்புச் சத்தம் நின்னுபோச்சுன்னா மேஸ்திரி தூங்கிட்டார்னு அர்த்தம்மா” என்றார் சமையல்காரர். “இன்ஜினீயர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவார் பாரு, எனக்குக் குழம்பு அடிப்பிடிச்சிடும்.”

எந்த மேஸ்திரியைச் சொல்கிறார் என்று அவளுக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. வீட்டுக்குத் தெரிந்த மனுஷனுக்கு வாயில் முத்து இருந்தது, திறந்தால் உதிர்ந்துவிடும். போனில்கூட, சாப்பிட்டீங்களா, அம்மா எப்படி இருக்கா, வெச்சிடறேன். மூன்றே வாக்கியம்.

கிரேன்காரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். “அக்கா, உங்களுக்கு நான் ஒரு நன்றி சொல்லணும். என் பொண்ணு பொறந்தப்போ நான் பக்கத்துல இருந்தேன்னா அது மேஸ்திரி குடுத்த லீவு. கொடி சுத்திக்கிச்சு, தாயும் பிள்ளையும் பொழைக்கிறது கஷ்டம்னுட்டாங்க. அன்னைக்கு நான் அங்க இல்லாட்டி ரத்தம் குடுக்க ஆள் இல்லை.”

“என்ன லீவு?” என்றாள் அவள்.

“அவரோடதுதான்.”

“அவருக்கு ஏது லீவு?”

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டைதான் விளக்கினான். “கேம்ப்ல லீவு முறை போட்டுத்தான் தங்கச்சி. நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தருக்கும் முறை வரும், இருபது நாள். முறை வந்தவர் போகலைன்னா வேற ஆளுக்கு விட்டுக் குடுக்கலாம். மேஸ்திரி முறை வந்தா நாங்க வரிசையில நிப்போம். யாருக்கு அவசரமோ அவங்களுக்குக் குடுத்துடுவார். எனக்கு மட்டும் எத்தனை குடுத்திருக்கார். என் கூடப்பொறந்த தங்கச்சி கல்யாணத்தை நான் முன்னாடி நின்னு நடத்துனது அவர் லீவுலதான். அந்தக் கோடையில, மழையே பெய்யாம போச்சே, அந்த வருஷம்.”

அந்த வருஷம் அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அதே ஊர் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தான். போனில் அப்பாவிடம் கெஞ்சினாள். ஒரே ஒரு மாசம் வந்து அம்மா பக்கத்துல இருங்கப்பா, நான் போய் வேலையில சேந்து, வீடு பாத்து, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிடறேன். அப்பா சொன்னார்: லீவு கிடையாதும்மா, இருக்கிறது ரெண்டே வெல்டர், பாதை முடியட்டும். டிப்போக்காரன் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து மரியாதையாகக் கொடுத்துவிட்டும் போனான்.

“நீங்க போனப்போ கேம்ப்ல அவர் இருந்தார்” என்றாள் நெட்டையிடம். “அவர் வீட்டுக்கு வந்திருந்தா நீங்க அங்க இருந்திருப்பீங்கல்ல?”

“இருந்திருக்க மாட்டேனா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்கன்னு. வீட்ல பொண்ணு இருக்கா, எல்லாத்தையும் அவ பாத்துக்குவா, எனக்குக் கவலையே இல்லைன்னுவார். உங்களைப் பத்தி அவ்ளோ பெருமை.” அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “பாதை முடிஞ்சதும் எங்களையெல்லாம் பக்கத்து கேம்ப்புக்கு வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க. பழுது பாக்க ஒரு ஆள் வேணும்னப்போ, நான் இருக்கேன்னு அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்.”

சமையல்காரருக்கும் ஒரு லீவு இருந்தது. தாயார் சாகும்போது வாயில் தண்ணீர் விட்டது. டிரைவருக்கும் ஒன்று. ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். அவள் நின்றபடி கேட்டாள். எல்லாம் நல்ல காரியங்கள். ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல முடியாது. கிரேன்காரனின் குழந்தை பிழைத்ததை எந்தப் பாவி குறை சொல்லுவாள்? ஆனாலும் அத்தனையும் அவளுடைய நாட்கள். அவளைக் கேட்காமல், அவள் வீட்டு அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு தெருவுக்கே ஊற்றியிருக்கிறார்.

காலி டம்ளர்களை எடுக்க வந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். “என் அண்ணன் மனசு யாருக்கு வரும்! சும்மாவா சொன்னாங்க, ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு.”

“தானாத்தான் வளந்தேன் அத்தை” என்றாள் மகள்.

அத்தைக்கு அது புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நெட்டை எழுந்தான். “அம்மாவை ஒரு தடவை பாத்துச் சொல்லிட்டுப் போயிடறோம் தங்கச்சி.”

“வேண்டாம்” என்றாள் வேகமாக. பிறகு குரலை இறக்கினாள். “பாருங்க. ஆனா லீவு விஷயம் மட்டும் அவங்ககிட்ட வாயைத் திறக்காதீங்க. லீவு கிடைக்கலைன்னே நினைச்சுக்கிட்டிருக்காங்க. இருக்கிற கொஞ்ச நாள் அப்படியே நினைச்சுக்கிட்டுப் போகட்டும்.”

அவர்கள் முகம் சுண்டிப்போனது. செய்யக் கூடாத எதையோ செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் முதலில் உள்ளே போனாள். புரட்டும் நேரம். அம்மாவின் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளுக்கும் மறு கையை இடுப்புக்கும் அடியில் கொடுத்துத் சுவர்ப் பக்கம் சாய்த்தாள். முதுகில் பவுடர் போட்டாள். தலையணையை அண்டக் கொடுத்தாள்.

“கொல்லையில என்னடி பேச்சு?” என்றாள் அம்மா சுவரைப் பார்த்தபடி.

“ஒண்ணுமில்லை. அப்பாவைப் பத்திதான்.”

“லீவு விஷயமா?”

பவுடர் டப்பாவை மூடிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“ஜன்னல் திறந்துதானே இருக்கு” என்றாள் அம்மா. “எனக்குத் தெரிஞ்சதுதான். நான் விழுந்த மொத வருஷம் லீவுல வந்தாரே, அப்பவே சொல்லிட்டாரு. உன்னை இப்படிப் பாக்க என்னால முடியலை, இந்த ரூமுக்குள்ள வந்தா மூச்சு முட்டுதுன்னு. குழந்தை மாதிரி அழுதாரு. சரி, கஷ்டப்பட்டு வர வேண்டாம், புள்ளைகிட்ட லீவு இல்லைன்னு சொல்லிக்கலாம்னேன். அப்புறம் ஒரே ஒரு தடவை வந்தாரு, உனக்காக.”

“நீதான் சொன்னியா?”

“நான்தான் சொன்னேன்.”

“நான் வேலைக்குப் போறேன்னு அவரைக் கூப்பிட்டேனே. அப்பவும்?”

“உன்கிட்ட லீவு இல்லைன்னுட்டு, மனசு கேக்காம அப்புறம் அவரு கிளம்பிட்டாருடி. பை கட்டிட்டேன்னு போன் பண்ணினாரு. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“ஏம்மா?”

“நீ போயிருப்பியே.”

“உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்னுதானே சொன்னேன்?”

“கூட்டிக்கிட்டுப் போறேன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க” என்றாள் அம்மா. அவள் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரல். “அவருக்கு என்னைத் தூக்கத் தெரியாது. உனக்குத்தான் கை பழகியிருந்துச்சு. வேற யாரை நான் நம்புவேன்? நீ கோவிச்சுக்குவேன்னு தெரியும். இனிமே எதுக்கு மறைக்கணும், அவரே போயிட்டாரு.”

மகள் தலையணையைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. எட்டு வருஷமாக இந்த வீட்டில் ரயில்காரர்களைத் திட்டாத நாள் கிடையாது. ஈவு இரக்கம் இல்லாத கம்பெனி, ஒரு நாள் விட மாட்டேங்கறான் என்று அவள் ஆரம்பிப்பாள். அம்மாவும் கூடச் சேர்ந்து திட்டுவாள், அவளைவிட நன்றாகவே திட்டுவாள். இறந்தவரை விடு. அவர் தூரத்திலிருந்து ஏமாற்றினார். அம்மா தினமும் அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே ஏமாற்றியிருக்கிறாள்.

வெளியே யாரோ நேரமாகிறது என்றார்கள். நான்கு பேரும் உள்ளே வந்து அம்மாவுக்குக் கைகூப்பினார்கள். பெட்டியை மூடித் தூக்கினார்கள். வந்த மாதிரியே வாசலில் தட்டாமல் கொண்டுபோய் வேனில் ஏற்றினார்கள். மயானத்துக்கு அத்தை போவது என்றும், மகள் அம்மாவோடு இருப்பது என்றும் யாரும் பேசி முடிவு செய்யவில்லை. எப்போதும் அப்படித்தான். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

“நீங்க இருங்க அத்தை. நான் போறேன்.”

“அம்மாவை யாருடி பாக்கிறது?”

“நீங்க.”

“எனக்கென்னடி தெரியும்? இத்தனை வருஷத்துல ஒரு நாள் தொட்டிருக்கேனா நான்?”

அவள் வேனில் ஏறினாள். நெட்டையும் கிரேன்காரனும் நகர்ந்து, பெட்டியின் தலைமாட்டில் இடம் கொடுத்தார்கள். டிரைவர் முன்னாலிருந்த மாலையை ஒதுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான், கிளம்ப நேரமானது. வீட்டு ஜன்னல் வழியாக அம்மா ஏதோ கேட்பதும், அத்தை பதறுவதும் காதில் விழுந்தது.

“ஏண்டி, முதுகு எரியுதாம்டி! எங்க கை குடுக்கணும்? தோள்லயா, இடுப்புலயா? சொல்லிட்டாவது போடி!”

ஆண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“தங்கச்சி, உள்ள கூப்பிடறாங்க” என்றான் நெட்டை.

“கேக்குது” என்று சொல்லிவிட்டு அவள் வேன் கதவை இழுத்தாள். முதல் இழுப்பில் கொக்கி விழவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள்.