தேயிலைப் பெட்டி ஈயம்

எங்கள் லொறி ஏற்றத்தில் நின்றுபோக வேண்டும் என்றே அதைப் பழுதுபார்த்தவள் நான். இதில் வேறு யார்மேலும் பழியைப் போட நான் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, ஆனி மாதம். பெரகல சந்தியில் அப்பாவுக்குக் கடை. தம்பையா கடை என்றால் சுற்றியிருந்த தோட்டங்களில் கூலிக்காரர் குடியிருக்கும் எல்லா லயத்திலும் தெரியும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் ஏற்றிப்போக ஒரு பழைய பெற்றோல் லொறி வைத்திருந்தார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கண்ணிலும் பூ விழ ஆரம்பித்திருந்தது. வண்டி ஓட்ட ரோடு தெரியும், நட்டு தெரியாது. அதனால் எஞ்சின் வேலை என்னிடம் வந்தது. அப்புத்தளையிலிருந்து மெக்கானிக் ஜுனைதீன் நானா வந்து வேலை செய்த நாளெல்லாம் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தே கற்றுக்கொண்டேன்.

பெண்பிள்ளை லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டிருக்கிறாளே என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் நான் தாலியறுத்தவள். இருபது வயது, புருஷன் செத்து மூன்று வருஷம். கோலம் போடக் கூடாது, பூத்தொடுக்கக் கூடாது, யாராவது பயணம் கிளம்பினால் எதிரே வரக் கூடாது. கிரீஸ் பூசுவதற்கு மட்டும் சாஸ்திரத்தில் தடை இல்லை.

பதின்மூன்று வயதில் என்னைக் கப்பலேற்றி, இராமநாதபுரத்துப் பக்கம் அப்பாவின் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தை சூடு வைத்த இடம் என் முதுகில் மூன்று இருக்கிறது. குழம்பில் உப்புக் கூடியதற்கு ஒன்று. மற்ற இரண்டும் எதற்கென்று எனக்கே தெரியாது. அவள் மகன் காய்ச்சலில் செத்தபோது அதற்கும் நான்தான் காரணம் என்று ஏழு மாதம் நெல் அறையில் அடைத்து வைத்திருந்தாள். பிறகு திருப்பி அனுப்பினாள்.

இப்போது செத்தவனின் தம்பிக்கு என் தங்கச்சியைக் கேட்டிருந்தாள். சந்திரகாந்திக்குப் பதினாலு.

"அந்த வீடு வேணாம்ப்பா," என்றேன் நான். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவ என்கூடப் பொறந்தவ."

"என் முதுகைப் பாத்தீங்கதானே."

"மாமியார்னா கொஞ்சம் கண்டிக்கத்தான் செய்வா. உனக்கு வாய் ஜாஸ்தி, வள்ளியம்மை. சின்னவ வாயில்லாத புள்ள. பொழச்சுக்குவா."

அம்மா உள்ளே அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் ஒரு தரம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. அம்மா செய்தது அவ்வளவுதான்.

கல்யாணம் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில். தாரை வார்த்துக் கொடுக்க ஊரில் சித்தப்பா இருந்தார். கடையைப் பூட்டினால் தோட்டத்து வாடிக்கை போய்விடும் என்று அப்பா இங்கேயே இருக்க, அம்மா சந்திரகாந்தியை அழைத்துப்போவதாக ஏற்பாடு. புதன்கிழமை இரண்டரை மணிக்கு அப்புத்தளையில் ரயில் ஏறினால்தான் தலைமன்னாரில் கப்பலைப் பிடித்து முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியும். அந்த ரயிலை விட்டால் முகூர்த்தம் போயிற்று. அடுத்தது ஆடி, கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை ரங்கூனுக்குக் கடைக்குப் போகிறான். போனவன் திரும்ப ஐந்து வருஷம். அதற்குள் அத்தை செத்தாலும் செத்துப்போவாள் என்று நான் கணக்குப் போட்டேன். ஆமாம், அப்படித்தான் போட்டேன்.

லொறி இரண்டு வாரமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே செம்புத் தகட்டில் ஒரு கேஸ்கெட் இருக்கும். உள்ளே எரிகிற நெருப்பையும் சுற்றி ஓடுகிற தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைப்பது அதுதான். அது வெடித்துவிட்டால் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், ஏற்றத்தில் மூச்சு வாங்கி வண்டி நின்றுவிடும். புதுக் கேஸ்கெட் கொழும்பிலிருந்து திங்கட்கிழமை வந்தது. காகிதத்தைப் பிரித்தபோது பளபளவென்று இருந்தது. நான் அதை மறுபடி சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

வண்டி வீட்டிலேயே கிடந்தால் பிரயோசனம் இல்லை. அப்பா முதல் நாளே மாட்டு வண்டி பேசிவிடுவார். அது கிளம்ப வேண்டும். கிளம்பி, பாதி ஏற்றத்தில் நிற்க வேண்டும். புதன்கிழமை ராகுகாலம் முடிய ஒன்றரை ஆகும். அதற்கு முன் அப்பா பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டார். இரண்டரைக்கு ரயில். நடுவழியில் நின்றால் நடந்தும் போய்ச்சேர முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் பின்பக்கத்துக் கொட்டகையில் வேலையைத் தொடங்கினேன். தண்ணீரை வடித்துவிட்டு நட்டுகளைக் கழற்றினேன். தலையைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். சந்திரகாந்தி வந்தாள். கையில் மருதாணி.

"நலங்கு வச்ச புள்ளைக்கு அங்க என்னடி வேலை?" அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

"அக்காவுக்குத் தலைவலிக்குதாம்மா, தலையைத் தூக்கணுமாம்," என்று சொல்லிவிட்டு இவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "தூக்குக்கா. ஏலேலோ."

தூக்கிப் பலகைமேல் வைத்தோம். நான் கத்தியால் பழைய கரியைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பிறகு பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை உடைத்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உரித்தேன். இலை காற்றுப்படாமல் இருக்க எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். எங்கள் பக்கம் கூரை ஓட்டையை அடைக்கவும், கதவு ஆடாமல் சக்கை வைக்கவும் அதைத்தான் எடுப்போம். கத்தரித்து, மடித்து, நான்கு மடிப்பாகத் தட்டினேன். ஓட்டை விழுந்த பழைய கேஸ்கெட்டை அதன்மேல் வைத்துக் கரித்துண்டால் கோடு போட்டேன்.

"கொழும்புலேருந்து வந்தது எங்கக்கா? செம்புல இருந்துச்சே?"

"அளவு பத்தல."

"அதுக்கு ஈயமா? ஈயம் உருகாதா?"

நான் துளை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பதில் சொல்லி அவள் வாயை அடைக்க வேண்டியிருந்தது. "தண்ணி குறையாம இருந்தா உருகாது," என்றேன். "சூடு ஏறக்கூடாது, அவ்வளவுதான்."

"சரி," என்றாள். பாடம் கேட்ட பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

அவள் அன்று முழுக்கப் பேசினாள். கடல் எப்படி இருக்கும் என்றாள். பதுளைக்குக்கூட ஒரே தரம் போனவள். கப்பலில் வாந்தி வருமா, ஊரில் இந்த மாதிரி காற்று உண்டா, அத்தை என்ன சாப்பிடுவாள், எது வைத்தால் அவளுக்குப் பிடிக்கும். நான் "ம்" என்றேன். சட்டையைத் தூக்கி என் முதுகைக் காட்டியிருக்கலாம். அத்தையிடம் எப்போது பேசக் கூடாது, எந்தப் பக்கம் படுக்கக் கூடாது, அடி விழுந்தால் பக்கத்து வீட்டுக்கு எந்த வழியாக ஓடலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். அடுத்த வீட்டு இராக்கம்மா எனக்கு ஒரு தரம் கதவைத் திறந்தவள். அந்தப் பெயரையாவது சொல்லியிருக்கலாம். நான் எதையும் சொல்லவில்லை. போகப்போவதில்லையே, எதற்குப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, தலை பின்னி விடேன். அம்மா பின்னினா இழுக்குது."

"கையெல்லாம் எண்ணெய். நாளைக்குச் சாயங்காலம் பின்னி விடுறேன்."

அவள் சிரித்தாள். "நாளைக்குச் சாயங்காலம் நான் ரயில்ல இருப்பேன். ஜன்னல் வழியாப் பின்னுவியா?"

நானும் சிரித்தேன்.

தலையை ஏற்றி நட்டுகளை முறுக்கினேன். நடுவிலிருந்து ஆரம்பித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும் என்பது ஜுனைதீன் நானாவின் பாடம். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். வண்டி கிளம்ப வேண்டுமே. அப்பா வந்து எஞ்சினைச் சுற்றிக் கிளப்பி, காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்லா இருக்கு," என்றார். என் வேலையை அவர் மெச்சியது வாழ்நாளில் அன்று ஒரு தரம்தான்.

புதன்கிழமை நான் கொட்டகையில் இருந்தேன். முன்பக்கம் போகக்கூடாதவள். வாசலில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்து நசுக்கும் சத்தம் கேட்டது. சந்திரகாந்தி பின்னால் ஓடி வந்தாள், கூறைப்பட்டு இல்லை, பயணத்துக்குக் கட்டிய புது அரக்குச் சேலை. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். நான் இரண்டு கையையும் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"தொடாத. கறை."

"போயிட்டு வர்றேங்க்கா."

"போ, போ. நேரமாகுது."

அம்மா கூப்பிட, ஓடிப்போனாள். லொறி கிளம்பி, சந்தியில் திரும்பி, ஏற்றத்தில் போகும் சத்தம் காற்றோடு வந்தது. முதல் வளைவு. இரண்டாவது. பிறகு ஆனி மாதத்துக் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோனது. நான் சோறு வடித்தேன். மூன்று பேர் திரும்பி வருவார்கள் என்று நான்கு பேருக்கு வடித்தேன். கிணற்றடியில் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், நகக்கண்ணில் இருந்த கறுப்புப் போகிறவரைக்கும். சீப்பையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்து வைத்தேன்.

நாலரை மணி இருக்கும். ரோட்டில் சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. எஞ்சின் சத்தம் இல்லை.

ஏற்றத்தில் நின்று, பின்னோக்கி உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஈயம் உருகிவிட்டது. யார் பார்த்தால் என்ன என்று முன்வாசலுக்கே ஓடினேன். லொறி பிரேக்கில் முனகிக்கொண்டு வந்து கடைக்கு முன் நின்றது. அது முன்னோக்கித்தான் வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. நேரே பின்பக்கம் போய், தொங்கிய சாக்குத் திரையைத் தூக்கிப் பார்த்தேன்.

காலியாக இருந்தது. ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் மட்டும் கிடந்தது. அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர்.

அப்பா இறங்கினார். முகம் கரியும் வியர்வையும். "அப்புத்தளை ஸ்டேஷன் வாசல்ல படார்னு போச்சு," என்றார். "திரும்பி வர எஞ்சினே இல்ல. இறக்கம்தானே, பிரேக்குலயே வந்துட்டேன்."

"ஸ்டேஷன் வரைக்கும் போச்சா?"

"லேசுலயா போச்சு. ரெண்டாவது வளைவுலேயே புகைய ஆரம்பிச்சுடுச்சு. நான் அவ்வளவுதான்னு நெனச்சேன். உன் தங்கச்சி குதிச்சுட்டா. ஈயம்ப்பா, தண்ணி குறையக்கூடாது, அக்கா சொல்லிச்சுங்கிறா. தகரத்தை எடுத்துக்கிட்டு ஓடையில மொண்டு மொண்டு ஊத்துறா. ஒவ்வொரு வளைவுலயும் இறங்கி ஓடினா. சாக்கை நனைச்சு எஞ்சின் தலைமேல போட்டா. உங்கம்மா ஏசுறா, புதுச் சேலைடி, நலங்கு வச்ச கைடின்னு. கேட்டாளா. அக்கா செஞ்ச எஞ்சின், நடுரோட்டுல நின்னா நீங்க அக்காவைத்தான் ஏசுவீங்கங்கிறா."

நான் லொறியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரயிலும் பத்து நிமிஷம் சுணங்கித்தான் வந்துச்சு. முழங்கால் வரைக்கும் சேறு, அப்படியே ஏறுனா. ஏறி உக்காந்துட்டு, அக்காகிட்ட சொல்லுங்க, உருகலைன்னு, அப்படின்னா."

அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். சட்டியில் சோறு நிறைய இருப்பதைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு, நாளை மறுநாள் தோட்டத்துக்கு அரிசி போக வேண்டும், எப்படியாவது வண்டியைச் சரிபண்ண முடியுமா என்றார்.

மறுநாள் காலையில் எஞ்சின் தலையை நானும் அப்பாவும் தூக்கினோம். ஈயம் இரண்டு இடத்தில் வழிந்து கறுத்திருந்தது. மிச்சமெல்லாம் நான் வெட்டியபடியே இருந்தது. மேலே எங்கேயோ ஒரு துண்டுச் சாக்கு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை நகத்தால் உரித்தேன். பிறகு உள்ளே போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தேன். மறைத்து வைத்திருக்கலாம். மறைக்கத் தோன்றவில்லை.

அப்பா கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். செம்புதான் என்று தெரிந்துகொண்டார். ஒட்டியிருந்த அரிசி இரண்டு கீழே விழுந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"இதை முந்தாநாளே போட்டிருந்தா," என்றார், "அந்தப் புள்ள அத்தனை தண்ணி தூக்கியிருக்காது."

என்னிடம் நீட்டினார். நான் வாங்கி எஞ்சின்மேல் வைத்தேன். எல்லாத் துளையும் சரியாக உட்கார்ந்தது. தலையை ஏற்றினோம். நடுநட்டில் ஸ்பேனரை மாட்டி முறுக்க ஆரம்பித்தேன். எத்தனை முறுக்கு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன், எண்ணாமல் விட்டால் அழுகைச் சத்தம் வந்துவிடும் போல இருந்தது. அந்நேரம் அவள் தலைமன்னாரில் கப்பல் ஏறியிருப்பாள்.