மெஷின்தான் சார்

பூர்ணிமாவின் புராஜெக்டுக்கு வந்த வினையே, அது நன்றாக வேலை செய்ததுதான். இப்படியும் ஒரு அநியாயம் உண்டா?

2002. வேலூரில் எம்.சி.ஏ. கடைசி வருடம். அவள் எழுதிய புரோகிராமிடம் நாம் எதையாவது தட்டினால், அதுவும் பதில் தட்டும். பேசுவது ஆளா மெஷினா என்று சோதிப்பவருக்குத் தெரியாவிட்டால் அதற்கு அறிவு உண்டு என்று கணக்கு. லீவுக்கு லீவு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனவள், அங்கே பெண்கள் பேசும் பேச்சையே அதற்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

வேறு காலேஜிலிருந்து சோதிக்க வந்த எக்ஸ்டர்னல் ஜெயகரன், கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"யாரும்மா உள்ள உக்காந்து டைப் பண்றது?"

"யாரும் இல்ல சார். மெஷின்தான்."

"கதை விடாத. மால்பிராக்டிஸ்னு எழுதிட்டுப் போய்ட்டே இருப்பேன்."

எழுதினால் மூன்று வருடப் படிப்பும் அம்போ. சொந்த ஊர் நாட்றம்பள்ளிக்கு எந்த முகத்தோடு திரும்புவது? கேபிளைப் பிடுங்கிக் காட்டவும் வழியில்லை. புரோகிராம் ஓடுவது காலேஜ் ஆபீஸ் சர்வரில், பிடுங்கினால் அதுவும் ஊமை. புராஜெக்ட் கைடு ஞானசுந்தரி மேடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து சமயத்தில் மின்விசிறி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"மெஷினா இருந்தா சலிக்காது இல்ல? பாக்கலாம்" என்று ஜெயகரன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பத் தட்டினார். உன் பேர் என்ன? உன் பேர் என்ன? உன் பேர் என்ன?

திரையில் வந்தது: "எத்தினி தபா சார் சொல்றது? பேஜாரா போச்சு."

அதற்குக் கோபப்படக் கற்றுக்கொடுத்த பாவி பூர்ணிமாவேதான்.

"பாத்தியா, கோவம் வருது!" அவர் பேனா மூடியைத் திறந்தார்.

"சார், ஒரே ஒரு தடவை நான் தட்றேன்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "எங்கம்மா செத்துட்டாங்க" என்று தட்டினாள்.

"அப்டியா, சந்தோஷம். அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க" என்றது திரை.

ஜெயகரன் அதை இன்னொரு முறை படித்தார். பேனாவை மூடினார்.

"மெஷின்தான். ஒத்துக்கறேன்" என்றார். "இந்த இடத்துல மாட்டும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் அம்மா காரியம் முடிச்சிட்டு வந்து, மொதல்ல இதுகிட்டதான் சார் சொன்னேன்."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "அப்பவே திருத்தி இருக்கலாமேம்மா. ரெண்டு வரி வேலை."

"ரெண்டு வரிதான் சார்." அவள் திரையைப் பார்த்தாள். "திருத்திட்டா, அம்மாவைக் கேட்டதா சொல்ல இனிமே யாருமில்ல."