செவ்வாய், வியாழன் காலை

பிலடெல்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது மேரிபெத் அதன் பிரிவுகளில் ஒன்றான நர்சிங் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள். வேலை நிச்சயம் என்று அம்மா சொன்னதுதான் காரணம். அவளுடைய ஆசையெல்லாம் வானியலில். "எந்தப் பள்ளியில சேர்ந்தாலும் எல்லாப் பள்ளியிலயும் பாடம் படிக்கலாம்" என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று பருவங்களாக வானியல் வகுப்பு செவ்வாய், வியாழன் காலையில்தான் நடந்தது. நர்சிங் மாணவர்கள் மருத்துவமனை வார்டில் நிற்க வேண்டிய நேரமும் அதேதான்.

"அப்போ நான் வானியல் இருக்கிற கலை அறிவியல் பள்ளிக்கே மாறிடறேன்" என்று ஆலோசகர் மிஸஸ் டன்லீவியிடம் போய்ச் சொன்னாள்.

"தாராளமா மாறலாம்மா. ஆனா அங்க ரெண்டு பாடம் ஏற்கெனவே முடிச்சிருக்கணும்."

"எப்படி முடிக்கிறது? அங்க எந்தப் பாடம் படிக்கணும்னாலும் வார்டு நேரத்தோட மோதுதே!"

"கோடை விடுமுறையில..."

"கோடையிலயும் வார்டுதானே போட்டிருக்கீங்க?"

டன்லீவி கணினித் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "விதியில தடை ஒண்ணுமே இல்லம்மா" என்றார் கடைசியில், தானே தப்பு செய்தவர் போல. "வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

அவரிடம் கோபப்படவும் மேரிபெத்துக்கு மனம் வரவில்லை. அடுத்த பருவத்துக்கான வார்டுப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "நட்சத்திரப் பாடம் கிடைச்சுதாடி?"

"இல்லம்மா" என்றாள். அப்படியே மருத்துவமனைப் பேருந்தில் ஏறினாள்.